எழுநூற்று நாற்பத்தாறு

யூனிட்டி பிளாஸா மேல்மாடியில்
றிஸ்மி அதைக் குலுங்காமல் எடுத்துத் தந்தான்.
“மூணு டெரா, மிஸ். உங்கட போர்ட் பழசு,
பாத்துப் பூட்டுங்க.”
நூறாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
சுகமில்லாத பூனையைக் கொண்டுவருகிற மாதிரி.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கதவில் என் பலகை: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு, இறப்பு, விவாகம், விவாகரத்து.
பதினான்கு வருடத்துக் கடதாசி முழுக்க
மேசைக்குக் கீழே இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்.
போன கிழமை தொடங்கி அது
தொண்டையைச் செருமுகிறது.

பிளக்கைக் கழற்றினேன்.
வெறும் பட்டனை அமத்திப் பிடித்து
மிச்சக் கரண்டையும் வடியவிட்டேன்.
பின்பக்கத்து ஆணி இரண்டும் கறல்.
கடல் ரெயில் ரோட்டுக்கு அங்கால்தான்;
யன்னலைச் சாத்தினாலும் உப்பு வரும்.
தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு,
ஸ்க்ரூட்ரைவர்,
பிறகு குறடு,
பிறகு சிங்களத்தில் ஒரு சொல்.
அதை மொழிபெயர்க்க மாட்டேன்.

தகடு விலகியது.
உள்ளே ஓடாய்ப்போன ஒரு கரப்பான்,
கம்பளி மாதிரித் தூசு.
வெறுங்காலை நிலத்தில் ஊன்றி இரும்பைத் தொட்டேன்,
என்னில் இருக்கிறது முதலில் போகட்டும் என்று.

நாலு ஓட்டை, மூன்று ஆணி. போதும்.
போர்டில் இரண்டே வாய்;
டிவிடியைப் பட்டினி போட்டேன்.
கேபிளின் முனை ஒரு பக்கமாய்த்தான் போகும்,
நான் மற்றப் பக்கமாய் இரண்டு தரம் குத்திப் பார்த்தேன்.
மூன்றாம் தரம் ‘க்ளிக்’.
இவ்வளவு சின்னச் சத்தத்துக்கா
நான் மூச்சை அடக்கி வைத்திருந்தேன்!

திரை வந்தது. புதுத் தட்டும் வந்தது.
746 ஜிபி.

நிறுத்தி, கழற்றி, பூட்டி, திரும்பவும்.
746.
றிஸ்மி ஏமாற்றுகிற ஆளில்லை.
தட்டு முழுசாய்த்தான் உள்ளே சுற்றுகிறது,
கை வைத்தால் அதிர்வு தெரிகிறது.
எண்ணுகிறவனுக்கு அதற்குமேல்
எண்ணத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒருமுறை இதே வாசலில் ஒரு படிவம் வந்தது.
வீட்டில் இருப்போர் விபரம். ஐந்து கோடு.
நாங்கள் எட்டுப்பேர்.
ஐயா ஐந்தோடு நிறுத்திக் கையெழுத்து வைத்தார்.
கோபிகரன், நவரஞ்சினி,
இன்னும் பெயர் வைக்காத அவர்களுடைய பிள்ளை
குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.
வந்தவர் ஐந்து என்று எழுதிக்கொண்டு போனார்,
அவர் எழுதியதில் பிழையில்லை.
அன்றைக்கும் சோறு எட்டுப்பேருக்குத்தான் வெந்தது,
பாலோடு சேர்த்துப் பார்த்தால்.

கொன்ட்ரோலரின் ட்ரைவர் அந்தக் காலத்தது.
புதிதை இறக்க இருபது நிமிடம்,
இடையில் கரண்ட் ஒருக்கால் கண்ணடித்தது.
திரும்ப எழும்பியபோது
2794.

மூவாயிரம் இல்லையா என்று கேட்காதீர்கள்.
கடைக்காரர் ஆயிரத்தால் எண்ணுவார்,
இது ஆயிரத்து இருபத்துநாலால்.
அந்த வித்தியாசத்தோடு வாழலாம்.

பழையதிலிருந்து புதியதுக்கு
பத்திரங்கள் நகரத் தொடங்கின.
ஒன்பது மணித்தியாலம் என்றது,
பிறகு நாற்பது நிமிடம், பிறகு பதினொரு மணித்தியாலம்.
கோப்புப் பெயர்கள் வாசிக்க முடியாத வேகத்தில் ஓடுகின்றன.
அந்தப் பிள்ளையினதும் இதற்குள் எங்கேயோ போகிறது;
நோர்வேக்கு நான்தான் மொழிபெயர்த்தேன்,
பெயரில் ஒரு எழுத்தை இரண்டு தரம் திருத்தி.

தகட்டைப் பூட்டவில்லை. சூடு வெளியே போகட்டும்.
காலி ரெயில் கட்டடத்தை மெல்ல ஆட்டிக்கொண்டு போனது.
பெட்டிக்குமேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்,
அது தாண்டும் வரைக்கும்.